பெருநாள் காலைக்கு ஒரு பின்னல் பாண்

கல்முனைப் பக்கத்தில் பெருநாள் என்றால் வட்டிலப்பம், தொதல், மஸ்கட். பாணுக்கு அங்கே இடமில்லை; அது சம்பலோடும் பருப்போடும் முடிந்துவிடும் அன்றாடச் சாப்பாடு. இனிப்புப் பாணைத் தலைமுடிபோலப் பின்னிச் சுட்டுப் பெருநாள் மேசையில் வைப்பது நம் பழைய வழக்கம் அல்ல. ஆனாலும் அது முற்றிலும் அந்நியமும் அல்ல. பாண், போறணை, குசினி மூன்றுமே போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் அச்சில் சுடும் 'புரூடர்' என்ற பிளம்ஸ் போட்ட இனிப்புப் பாண் இன்றும் இலங்கையில் இருக்கிறது. பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் சீனி தூவிக் கிடக்கும் கிம்புலா பணிஸும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான்.

பின்னல் பாண் வேறு பல ஊர்களில் பண்டிகைக்குரியது. யூதர்கள் ஓய்வுநாளுக்குச் சுடும் ஹல்லாவில் பாலோ பட்டரோ சேர்ப்பதில்லை. இறைச்சியோடு பாலை உண்ணக்கூடாது என்பது அவர்களின் சட்டம். கிரேக்கர்கள் உயிர்த்த ஞாயிறுக்குச் செய்யும் சுரெக்கியில் சிவப்புச் சாயமிட்ட முட்டையைச் செருகுவார்கள். அதன் பெயர் துருக்கிச் சொல்லிலிருந்து போனது. பின்லாந்தின் 'புல்லா'வுக்கு ஏலக்காய்தான் வாசம். நமது நாவுக்கு நெருக்கமானது இந்தக் கடைசி ஒன்று என்பதால் கீழே உள்ள முறை அதைத் தழுவியது.

ஒரு பெரிய பின்னலுக்குக் கோதுமை மா 500 கிராம், சீனி 75 கிராம், ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, பட்டர் அல்லது மாஜரின் 75 கிராம், முட்டை 2, இடித்த ஏலக்காய் ஆறு. பாலுக்கு 25 கிராம் பால்மாவை 200 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் கரைத்தால் போதும். கை பொறுக்காத சூடு ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். முதலில் ஈஸ்ட்டையும் ஒரு கரண்டி சீனியையும் பாலில் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். நுரைக்கவில்லை என்றால் அந்த ஈஸ்ட் பழையது. மாவை வீணாக்க வேண்டாம். 2022இல் மாவும் காஸும் ஒன்றாகத் தட்டுப்பட்டதை அனுபவித்தவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லத் தேவையில்லை.

மாவைக் கட்டாயம் அரியுங்கள். ஈரப்பதம் கூடிய கரையோரத்தில் மா சீக்கிரம் கட்டிபடும். மாக்கட்டி என்பது இந்த மாவட்டத்தில் வெறும் சமையல் பிழை மட்டுமல்ல. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் கறியில் கிடந்த கட்டியைக் 'கருத்தடை மாத்திரை' என்றார்கள். உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்தபோது அதில் மருந்து எதுவும் இல்லை, வெறும் மா. மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்ற பிரசாரம் மீண்டும் கிளம்பியது. விற்பனைக்குச் சுடும் பெண்கள் மாவை இருமுறை அரிப்பதில் நியாயம் இருக்கிறது.

மா, மீதிச் சீனி, உப்பு, ஏலக்காய், ஒரு முட்டை, ஈஸ்ட் பால் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, பட்டரைக் கடைசியில் சிறிது சிறிதாகப் போடுங்கள். பன்னிரண்டு நிமிடமாவது கைவிடாமல் பிசைய வேண்டும். முதலில் ஒட்டும், பயந்து மேலும் மா கொட்டினால் பாண் கல்லாகும். ஈரத்துணியால் மூடி வையுங்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் இரண்டு மணிநேரம் என்றிருக்கும். நம் வெக்கையில் ஒரு மணிநேரத்தில் இரட்டிப்பாகிவிடும். கடிகாரத்தைவிட மாவைப் பாருங்கள்.

மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு முழ நீளத்துக்கு உருட்டுங்கள். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் பின்னினால் ஒரு முனை தடித்து மறுமுனை மெலியாது. மருதமுனைத் தறிக்காரருக்கு இழை இறுக வேண்டும், இங்கே நேர்மாறு. இறுக்கிப் பின்னினால் பொங்கும்போது கிழியும். முனைகளை அடியில் மடித்து இன்னும் முப்பத்தைந்து நிமிடம் விட்டு, அடித்த முட்டையைப் பூசி, 180 பாகையில் அரை மணிநேரம் சுடுங்கள். அடியில் தட்டினால் வெற்றுச் சத்தம் வர வேண்டும்.

போறணை இல்லாதவர்கள் அடிகனத்த சட்டியில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, மூடிக் கால் மணிநேரம் சூடாக்கி, உள்ளே ஒரு வளையம் வைத்து அதன்மேல் தட்டை வைக்கலாம். மணலைக் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும். குறைந்த நெருப்பில் முக்கால் மணிநேரம் பிடிக்கும். வேகும், ஆனால் மேற்பக்கம் பொன்னிறமாகாது. ஒரு தாச்சியைச் சூடாக்கி மேலே கவிழ்த்தால் ஓரளவு நிறம் வரும். ஒட்டாத பூச்சுள்ள சட்டியை இதற்கு எடுக்காதீர்கள்.

நோன்புப் பெருநாளுக்கு ஒரு சிக்கல் உண்டு: நாளை பெருநாளா என்பது கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து பிறை அறிவிப்பு வரும்வரை தெரியாது. எனவே ஈஸ்ட்டைப் பாதியாக்கி, மஃரிபுக்கு முன் பிசைந்த மாவை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பிறை தென்பட்டால் சுபஹுக்குப் பிறகு பின்னிச் சுடலாம். தென்படாவிட்டால் இன்னொரு நாள் தாங்கும். நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் போன 2022 மார்ச் இறுதி போன்ற காலத்தில் இந்த வழி உதவாது. அப்போது அதிகாலையில்தான் பிசைய வேண்டும்.

அண்டை வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்குப் பெருநாள் தட்டு அனுப்புவதும், தீபாவளிக்கு அங்கிருந்து வருவதும் இந்தக் கரையில் எண்பதுகளின் நடுவிலும் தொண்ணூறிலும் பல தெருக்களில் நின்றுபோன வழக்கம். மீண்டும் தொடங்கிய வீடுகளுக்கு இதே அளவு மாவில் இரண்டு சிறிய பின்னல்கள் வரும்; சுடும் நேரம் இருபத்திரண்டு நிமிடமாகக் குறையும். முட்டை சேர்ந்திருப்பதை மரக்கறி உண்பவர்களிடம் சொல்லிக் கொடுங்கள். மறுநாள் மிஞ்சினால் துண்டு போட்டுத் தாச்சியில் வாட்டலாம். பிளேன்டீயோடு முதல்நாளைவிட நன்றாகவே இருக்கும்.