சபாஷ் சொல்வது யார்?

இத்தாலியில் ஆண் பாடினால் 'பிராவோ'. பெண் பாடினால் 'பிராவா'. பல பெண்கள் சேர்ந்து பாடினால் 'பிராவே'. அவர்களோடு ஒரே ஓர் ஆண் நின்றாலும் அது 'பிராவி' ஆகிவிடும், ஆண்பால் பன்மை. அடிதடிக்குக் கூலி வாங்கும் முரடனுக்கும் முன்பு அங்கே 'பிராவோ' என்றுதான் பெயர். முரட்டுத்தனம் துணிச்சலாகி, துணிச்சல் திறமையாகி, அச்சொல் அரங்கேறியது. பெண்ணுக்குத் தனிச்சொல் இருந்தும் அவளுக்கு மேடை இல்லை. போப்பின் ஆட்சியிலிருந்த ரோமில் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பெண்கள் மேடையேறத் தடை. பெண் வேடங்களையும், சிறுவயதில் விதை நீக்கப்பட்ட ஆண்களே பாடினார்கள்.

நம் 'சபாஷ்' பாரசீகத்தின் 'ஷாத் பாஷ்'. 'மகிழ்ந்திரு' என்று பொருள். இதில் ஆண்பால், பெண்பால் இல்லை. மேல், கீழ் உண்டு. முதலாளி வேலையாளுக்குச் சொல்லலாம், வேலையாள் முதலாளிக்குச் சொன்னால் திமிர். 1958இல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடுகிறார்கள். பாடியவர்கள் பி. லீலாவும் ஜிக்கியும். நான்கு பெண்களின் வித்தை அது. ஊர் வாயில் இன்றும் நிற்பதோ, பார்த்துக்கொண்டிருந்த பி.எஸ். வீரப்பா சொன்ன சபாஷ்.

எங்கள் சேர்வராயன் மலையிலும் இதே கதைதான். 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தவர் என்று சேலம் கலெக்டர் காக்பர்னின் பெயர் நிலைத்துவிட்டது. பழம் பறித்தவர்கள் 'கூலியாட்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். செம்மநத்தத்தில் கூடை நிறையப் பறித்து வரும் பெண்ணுக்கு நான் கேட்டு வளர்ந்த பாராட்டு இரண்டு: 'பரவாயில்லையே', 'ஆம்பளை மாதிரி வேலை செய்யுறா'. முதலாவதில் வியப்பைவிடச் சந்தேகம் அதிகம். இரண்டாவதில் பாராட்டு அவளைத் தாண்டி ஆணுக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் கூலி என்று வந்தால் யாரும் அவளை 'ஆம்பளை மாதிரி' எண்ணியதில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் வந்ததே 1976இல்தான்.

பறிப்பு முடிந்து எடை போடும் இடத்தில் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது வேறு: 'நல்லாப் பறிச்சிருக்கே புள்ள.' அதில் மேலும் இல்லை, கீழும் இல்லை. கூடையின் கனம் தெரிந்தவள் சொல்கிற சொல் அது.