ஹேண்டில்பார் அகன்ற கதை

இன்று கடையில் நிற்கும் நல்ல மவுண்டன் பைக்கின் ஹேண்டில்பாரை முனையோடு முனை அளந்தால் 780 மில்லிமீட்டர் இருக்கும், சிலவற்றில் 800. முப்பது வருடங்களுக்கு முன் போட்டிக்குப் போன பைக்கில் அது 560-ஐ ஒட்டித்தான் இருந்தது. ஏறத்தாழ ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. இதற்கிடையில் மனிதர்களின் தோள் ஒரு விரற்கடைகூட அகலவில்லை. அப்படியென்றால் மாறியது எது? இதைத் தெரிந்துகொண்டால், நம் பைக்கின் பாரை எங்கே வெட்டுவது, கையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

தொடக்கத்தில் பார் அகலமாகத்தான் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்டியில் டமால்பைஸ் என்றொரு மலை. 1970-களில் அந்த வட்டாரத்து இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் ஷ்வின் கம்பெனி செய்த பழைய எக்செல்சியர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து வாங்கினார்கள். கனத்த எஃகுச் சட்டம், பருத்த டயர். மட்கார்டு, செயின் கவர், அலங்காரத் தகடு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு மலையிலிருந்து மண்பாதையில் உருட்டினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று, ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே, தீயணைப்பு வண்டிகள் போக வெட்டியிருந்த பாதையில் சார்லி கெல்லி முதல் போட்டியை நடத்தினார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக இறக்கிவிட்டு நேரம் குறித்தார்கள். ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்துக்குள் 1300 அடி இறக்கம்.

அந்தச் சைக்கிள்களில் பிரேக் பின்சக்கர ஹப்புக்குள் இருந்தது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். ஒரே இறக்கத்தில் ஹப் பழுக்கக் காய்ந்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். ரீபேக் என்று அந்தப் பாதைக்குப் பெயர் வந்ததே இதனால்தான். இந்தத் தொல்லையிலிருந்து தப்பக் கையால் பிடிக்கும் பிரேக்குக்கு மாறியபோது, சைக்கிள் லீவரில் போதிய பிடிமானம் கிடைக்கவில்லை. மகுரா கம்பெனியின் மோட்டார் சைக்கிள் லீவர்களை எடுத்து மாட்டினார்கள். அமெரிக்கப் பழைய சைக்கிளின் பாரும் மோட்டார் சைக்கிளின் பாரும் கைபிடிக்கும் இடத்தில் ஒரே பருமன், முக்கால் அங்குலத்தைவிடச் சற்று அதிகம்: 22.2 மில்லிமீட்டர். அதனால் லீவர் தடையில்லாமல் ஏறியது. பின்னாலேயே மோட்டோகிராஸ் பைக்கின் அகலமான பாரும் வந்து சேர்ந்தது. இன்றைய மவுண்டன் பைக்கில் கிரிப் ஏறும் இடத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள், அதே 22.2 தான்.

1977-ல் அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் மலைக்கென்றே முதல் சட்டத்தைச் செய்யத் தொடங்கினார். 1979-ல் டாம் ரிச்சி பற்றவைத்த சட்டங்களை கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் விற்கத் தொடங்கினார்கள். ரிச்சி செய்த புல்மூஸ் பாரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பாரும், பாரைத் தாங்கி வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, நடுவில் முக்கோணமாக நிற்கும். அகலமான பாரை இரு கையாலும் முறுக்கும்போது நழுவாமலும் வளையாமலும் இருக்கச் செய்த ஏற்பாடு அது. கையின் விசை எவ்வளவு இருக்கும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

பிறகு ஏன் குறுகியது? போட்டியின் குணம் மாறியது. இறக்கத்தை மட்டும் ஓட்டியவர்கள் போய், ஏறி இறங்கி மணிக்கணக்கில் ஓடும் பந்தயம் முன்னுக்கு வந்தது. சாலைப் பந்தயத்தில் பழகியவர்கள் நிறைய வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த உட்காரும் முறை ஒன்றுதான்: முதுகைத் தாழ்த்தி, கையை முன்னால் நீட்டி, முன்சக்கரத்தின் மேல் பாரத்தைப் போட்டு மிதிப்பது. ஸ்டெம் 130 மில்லிமீட்டர், 140 என்று நீண்டது. பாரை வெட்டினால் எடை சில கிராம் குறையும், நெருக்கமான மரங்களுக்கு இடையிலும் நுழையலாம். 1990-ல் கொலராடோவின் துராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன்ஷிப் நடந்தபோது, ஜான் டோமாக் சாலைப் பந்தயச் சைக்கிளின் வளைந்த பாரையே மலைக்குக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு அவர் சாலை அணிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டிலும் உட்காரும் நிலை மாறக்கூடாது என்பது கணக்கு. அபாரத் திறமைசாலி, அதையும் வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டார். ஆனால் அந்தத் தலைமுறை முழுக்க மலையைச் சாலையின் கண்ணால் பார்த்தது என்பது என் உறுதியான எண்ணம். குறுகிய பாரின் முனையில் கொம்புபோல் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்குமே, அதுவும் இந்தக் காலத்துச் சொத்துதான். ஏற்றத்தில் கையை மாற்றிப் பிடிக்க அது உண்மையிலேயே உதவியது.

குறுகிய பாரும் நீண்ட ஸ்டெம்மும் ஜோடி. இது புரிந்தால் கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடும். பாரை அகலமாக்கினால் கைகள் விரிகின்றன. கை விரிந்தால் நெஞ்சு முன்னால் தாழ்கிறது. ஏற்கெனவே 130 ஸ்டெம் இழுத்து வைத்திருக்கும் உடம்பை அகலமான பார் இன்னும் முன்னால் இழுத்தால், செங்குத்தான இறக்கத்தில் முன்சக்கரம் ஒரு கல்லில் முட்டிய மாத்திரத்தில் ஆள் பாருக்கு மேலே பறப்பார். ஆகவே பாரை மட்டும் தனியாக அகலமாக்க முடியாது. ஸ்டெம் குட்டையாக வேண்டும். ஸ்டெம் குட்டையானால் கால்முட்டி பாரில் இடிக்காமல் இருக்கச் சட்டம் நீள வேண்டும். அதைத்தான் 1990-களின் கடைசியில் ஜெனிசிஸ் என்ற பெயரில் ஒருவர் செய்தார்: மேல்குழாயை நீட்டி, ஸ்டெம்மைக் குறைத்தார். அவர் வேறு யாருமல்ல, ரீபேக் இறக்கத்தை 4 நிமிடம் 22 விநாடியில் ஓட்டிச் சாதனை வைத்திருந்த அதே கேரி ஃபிஷர்.

இறக்கப் போட்டிக்காரர்கள் அகலமான பாரை அதற்கு முன்பே விடாமல் பிடித்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் 680, 710, 740 என்று படிப்படியாக ஏறினார்கள். நீண்ட பார் நடுவில் வளையாதிருக்க, ஸ்டெம் கவ்வும் இடத்தின் பருமன் 25.4-லிருந்து 31.8 ஆகி, பிறகு சிலரிடம் 35 மில்லிமீட்டரும் ஆனது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வந்து, ஒரே விரலால் வண்டியை நிறுத்த முடிந்தது. மற்ற மூன்று விரலும் பாரைப் பிடிக்க விடுதலை பெற்றன. இன்று ஸ்டெம் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர்தான்.

அகலம் என்ன தருகிறது என்பதை எண்ணிலேயே பார்க்கலாம். 560 பாரில் நடுவிலிருந்து முனைக்கு 280 மில்லிமீட்டர். 800 பாரில் 400. லாரி டயரின் இறுகிய நட்டைக் கழற்ற ஸ்பேனர் முனையில் பைப்பைச் செருகி நீளமாக்குவார்களே, அதே வேலைதான் இங்கே நடக்கிறது. ஒரு கல் முன்சக்கரத்தைத் திருப்பப் பார்க்கும்போது, அதே பலமுள்ள கை நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் கூடுதலாக எதிர்த்து நிற்கிறது. இன்னொரு பக்கம், கை ஒரு சென்டிமீட்டர் அசைந்தால் குறுகிய பார் 2 டிகிரி திரும்பும். அகலமான பார் ஒன்றரை டிகிரிக்கும் குறைவாக. பதற்றத்தில் கை நடுங்கினாலும் சக்கரம் நடுங்குவதில்லை.

ஆனால் 800 எல்லோருக்கும் ஆன அளவில்லை. நல்ல பாரின் முனையில் வெட்டும் கோடுகள் அச்சடித்திருப்பது இதற்காகத்தான். ஐந்தடி உயரமுள்ளவர் அதைப் பிடித்தால் முழங்கை நேராக நீண்டுவிடும். நீண்ட கை அதிர்ச்சியை உள்வாங்காது, வளைவில் வெளிப்பக்கக் கை எட்டாது. சரிபார்க்க எளிய வழி, தரையில் தண்டால் எடுப்பது. பாதி இறங்கிய நிலையில் முழங்கை வெளிப்பக்கம் மடிந்து, மணிக்கட்டு ஒடியாமல், எந்த இடைவெளியில் பலம் அதிகமாகத் தெரிகிறதோ அங்கே இரண்டு உள்ளங்கைகளின் வெளி ஓரங்களையும் அளந்துகொள்ள வேண்டும். அது தொடக்கம் மட்டுமே. அடுத்து பிரேக் லீவரையும் கிரிப்பையும் உள்ளே நகர்த்தி வைத்து, பாரின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை என்று பாதுகாப்பான வெட்டவெளியில் நிதானமாக ஓட்டிப் பார்க்கலாம். சரியென்று தோன்றிய பின் இருபக்கமும் ஐந்தைந்து மில்லிமீட்டராக வெட்டுவதுதான் நல்லது. வெட்டியதை ஒட்ட முடியாது.

கை வைக்கும் விதத்தில் பலர் கவனிக்காதது பின்வளைவு. பார் நேர்க்கோடாக இருக்காது. முனைகள் ஓட்டுபவர் பக்கம் 7 முதல் 9 டிகிரி சாய்ந்திருக்கும், மேலேயும் கொஞ்சம் தூக்கியிருக்கும். ஸ்டெம்மின் போல்ட்டைத் தளர்த்தி பாரைச் சற்றே உருட்டினாலும் இந்தச் சாய்வு உள்ளங்கையில் வேறு இடத்தில் அழுத்தும். ஒரு மணி நேரம் ஓட்டியதும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறதென்றால், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில் ஓடும் அல்னார் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். பலர் தடித்த கையுறை வாங்கப் போவார்கள். அதற்கு முன் பாரை உருட்டிப் பார்ப்பதும், லீவரின் சாய்வை மாற்றிப் பார்ப்பதும் காசில்லாத வைத்தியம். சுட்டுவிரல் லீவரின் கொக்கியில் படியும்போது முன்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். லீவர் மிகவும் கீழே தொங்கினால், செங்குத்தான இறக்கத்தில் உடல் பின்னே போகும்போது மணிக்கட்டு ஒடிந்து பாரமெல்லாம் கட்டைவிரல் இடுக்கில் விழும்.

பாரின் அகலம் இப்போது சிலரிடம் மறுபடி சற்றுக் குறைகிறது. இறக்கப் போட்டிக்காரர்களிலேயே பலர் 800-ஐ விட்டு 760-க்கும் 750-க்கும் வந்திருக்கிறார்கள். மறுபக்கம், ஒருகாலத்தில் 560 வைத்திருந்த, ஏறி இறங்கும் பந்தயக்காரர்கள் 720, 740 என்று ஏறி வந்திருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஏறக்குறைய ஒரே இடத்தை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன.