கழுத்து வலியும் நெட்டி முறிப்பும்

எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றுபவர் அம்பத்தூர் ஓ.டி.யில் வசிக்கிறார். நான்கு மாதங்களாக அவருக்குக் கழுத்து வலி. தைலம் தேய்த்துப் பார்த்தார், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார், குறையவில்லை. ஒரு நாள் கருவிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"சார், எங்க தெருமுனை சலூன்ல கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பாங்க. வெளிநாட்டுல அதையே 'கைரோபிராக்டிக்'னு பேர் வெச்சுப் பெரிய வைத்தியமாச் செய்யறாங்களாம். போன்ல பார்த்தேன். ஞாயித்துக்கிழமை போய் எடுத்துக்கலாமா?"

"வலியைத் தவிர வேறு தொந்தரவு உண்டா?" என்றேன்.

"சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்த மாதிரி இருக்குது சார்."

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. முடி வெட்டி முடிந்ததும் "நெட்டி எடுங்க" என்று மாதந்தோறும் கழுத்தைக் கொடுத்து வந்தவன்தான் நானும். "இரண்டு நாள் பொறுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அப்படிப் படித்தபோது தெரிந்துகொண்ட வரலாற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தலை என்னும் சுமை

கழுத்து வலி இப்பகுதிக்குப் புதிதன்று. ஆவடியில் 1961-ஆம் ஆண்டு கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் 1960-களில் உருவாயிற்று. கடைசல் இயந்திரத்தின் முன் குனிந்து நின்றவர்கள் ஒரு தலைமுறை. கணிப்பொறியின் முன் குனிந்து அமர்ந்திருப்பவர்கள் அடுத்த தலைமுறை.

நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. தலை நிமிர்ந்திருக்கும்போது அந்த எடை எலும்புத் தொடரின் மீது நேராக இறங்குகிறது. குனிந்தால் தலையின் ஈர்ப்பு மையம் முன்னே தள்ளிப் போகிறது. நெம்புகோல் விதிப்படி, அதைச் சமன் செய்யப் பிடரித் தசைகள் பல மடங்கு அதிக விசையுடன் இழுக்க வேண்டியிருக்கிறது. நாள் முழுதும் அவை அப்படியே இழுத்துக்கொண்டிருந்தால் வலி தோன்றுவதில் வியப்பென்ன?

விரலுக்காகக் கழுத்தைப் பார்த்தவர்

ஆனால் கழுத்து வலிக்கும் விரல் மரத்துப் போவதற்கும் என்ன தொடர்பு? இதற்கு விடை கண்டவர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில் வாழ்ந்த மருத்துவர் காலன். பௌசானியஸ் என்ற சொற்பொழிவாளருக்குச் சுண்டு விரலும் மோதிர விரலும் நடுவிரலில் பாதியும் உணர்விழந்து போயின. மருத்துவர்கள் விரல்களுக்கே மருந்து பூசி வந்தனர், பயனில்லை. அவர் சிறிது காலத்திற்கு முன் தேரிலிருந்து விழுந்து முதுகின் மேற்பகுதியில் அடிபட்டவர் என்பதைக் காலன் விசாரித்து அறிந்தார். அந்த விரல்களுக்குச் செல்லும் நரம்பு கழுத்தின் ஏழாம் முள்ளெலும்புக்குக் கீழே புறப்படுகிறது என்பது விலங்குகளை அறுத்து ஆராய்ந்த அவருக்குத் தெரியும். மருந்தை அந்த இடத்திற்கு மாற்றினார். விரல்களில் உணர்வு திரும்பியதாக அவரே எழுதி வைத்துள்ளார்.

கழுத்தில் உள்ள முள்ளெலும்புகள் 7. அங்கிருந்து புறப்படும் நரம்புகள் 8 இணை. எட்டாம் நரம்பே சுண்டு விரல் பக்கத்தின் உணர்வைத் தாங்கி வருவது. எங்கள் உதவியாளரின் விரல் சொன்ன செய்தியும் இதுதான்.

கையால் தீர்க்கும் மரபு

எலும்பையும் தசையையும் கையால் சீர்செய்யும் வழக்கம் உலகெங்கும் உண்டு. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரேட்டிஸ் பெயரால் வழங்கும் நூல்களிலேயே முதுகெலும்பை இழுத்துச் சீராக்கும் முறைகள் காணப்படுகின்றன. நம் சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகளை 32 என வகுக்கிறது. அவற்றுள் ஒன்றான தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக ஒன்பது வகைகள் உள்ளன. வர்ம மருத்துவமோ உடலில் 108 இடங்களைக் குறித்து, அங்கே தவறாகக் கை வைத்தால் தீங்கு நேரும் என்று எச்சரிக்கிறது.

முடி திருத்துவோர் தமிழ்நாட்டில் நெடுங்காலம் மருத்துவப் பணியும் செய்து வந்தனர். 'மருத்துவர்' என்ற பெயரும் அவர்களுக்கு உண்டு. எனவே சலூனில் எடுக்கும் நெட்டியை வெறும் விளையாட்டாக மக்கள் கருதாததில் வியப்பில்லை.

டாவன்போர்ட் நகரில் ஒரு நாள்

கைரோபிராக்டிக் பிறந்தது அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில். கனடாவில் 1845-இல் பிறந்த டேனியல் டேவிட் பாமர், அங்கே காந்த சிகிச்சை என்ற பெயரில் வைத்தியம் செய்து வந்தார். அவர் இருந்த கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்தவர் ஹார்வி லில்லர்ட். அவருக்குப் பதினேழு ஆண்டுகளாகக் காது சரிவரக் கேட்கவில்லை. அவருடைய முதுகில் ஒரு முள்ளெலும்பு புடைத்திருப்பதாகக் கண்ட பாமர், 1895 செப்டம்பர் 18 அன்று அதைக் கையால் அழுத்தினார்; கேட்கும் திறன் திரும்பியது என்பது பாமரின் கூற்று. கை, செயல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இம்முறைக்குப் பெயரிட்டனர்.

இதிலிருந்து பாமர் ஒரு பெரிய கொள்கையை எழுப்பினார். முள்ளெலும்புகள் சற்றே இடம் பெயர்ந்து நரம்புகளை நெருக்குகின்றன. நோய்களில் நூற்றுக்கு 95 அதனால்தான் வருகின்றன. எலும்பை இருப்பிடத்தில் சேர்த்தால் நோய் தீரும் என்பது அவர் வாதம். இதில் ஒரு பெரிய இடர்ப்பாடு உண்டு. செவி நரம்பு முதுகெலும்பின் வழியே செல்வதே இல்லை. காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத் தண்டை அடைந்துவிடுகிறது.

உரிமமின்றி மருத்துவம் செய்ததற்காகப் பாமர் 1906-இல் சிறை சென்றார். ஆயினும் அவர் தொடங்கிய பள்ளி வளர்ந்தது. 1974-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் இத்தொழிலுக்கு உரிமம் வழங்கிவிட்டன. அமெரிக்க மருத்துவர் சங்கம் இதை ஒழிக்க முயன்றது. கைரோபிராக்டிக் தொழிலினர் 1976-இல் வழக்குத் தொடுத்தனர். அச்சங்கம் சட்டவிரோதமாகப் புறக்கணிப்பு நடத்தியதாக 1987-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்றார்கள், ஆனால் கொள்கை சரியா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்க இயலுமா? அது சோதனைச்சாலையின் வேலை.

சோதனைச்சாலையின் தீர்ப்பு

நரம்பு நெருக்கப்படுவது உண்மையில் நிகழக்கூடியதே. முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை 1934-இல் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் ஆகியோர் நிறுவினர். ஆனால் பாமர் சொன்னது வேறு. எலும்பு நழுவி நெருக்குகிறது என்றார் அவர். யேல் பல்கலைக்கழக உடற்கூற்றியலார் எட்மண்ட் கிரெலின், இறந்தவர்களின் முதுகெலும்புத் தொடர்களை எடுத்து, அளவிட்ட விசைகளால் வளைத்தும் திருகியும் பார்த்தார். தொடர் உடையும் நிலை வரும்வரை எலும்புகள் நரம்பை நெருக்கவில்லை என்று 1973-இல் அறிவித்தார். இங்கிலாந்தில் இத்தொழிலை நெறிப்படுத்தும் பொது கைரோபிராக்டிக் மன்றமே, எலும்பு விலகல் என்பது வரலாற்றுக் கருத்து மட்டுமே, நோய்க்கு அதுவே காரணம் என்பதற்கு ஆராய்ச்சிச் சான்று இல்லை என 2010-இல் கூறிவிட்டது.

அப்படியானால் கழுத்தைத் திருப்பும்போது எழும் 'சடக்' ஒலி எது? எலும்பு இடத்தில் சேரும் ஓசை அன்று. மூட்டுக்குள் வழவழப்பான திரவம் உள்ளது. அதில் கரியமில வாயு முதலியன கரைந்திருக்கின்றன. மூட்டின் பரப்புகளை விரைந்து பிரித்தால் திரவத்தின் அழுத்தம் திடீரெனக் குறைகிறது. சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் தோன்றுவதைப் போல, அங்கே ஒரு வாயுக்குழி உண்டாகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அன்ஸ்வொர்த், டவ்சன், ரைட் ஆகிய மூவர் விரல் மூட்டுகளில் இதை ஆராய்ந்து 1971-இல் வெளியிட்டனர். கனடாவில் கிரெகரி கவ்சக் குழுவினர் 2015-இல், மூட்டு சொடுக்கும் கணத்தையே காந்த ஒத்ததிர்வுப் படமாக எடுத்து, ஒலி எழும்போது குழி தோன்றுவதைக் காட்டினர். நெட்டி முறித்த விரலை உடனே மீண்டும் முறிக்க முடியாதல்லவா? வாயு மறுபடியும் கரைய ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும்.

வலி குறைவது ஏன்?

'கொள்கை தவறு, ஆகவே பயனும் பொய்' என்று முடித்துவிட முடியாது. நெட்டி எடுத்தவுடன் கழுத்து லேசாவதை நானே உணர்ந்திருக்கிறேன். மெல்சாக், வால் இருவரும் 1965-இல் வெளியிட்ட 'வாயில் கொள்கை' இதற்கு ஓரளவு விளக்கம் தருகிறது. தொடுதல், அழுத்தம், அசைவு ஆகியவற்றின் செய்திகள் தண்டுவடத்தை அடையும்போது, வலிச் செய்திக்கான வாயில் சற்றே மூடப்படுகிறது. அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துவிட்டுக்கொள்வதும் இதனால்தான். இறுகிய தசை சற்றுத் தளர்வதும், நலமாகும் என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்கின்றன. ஆக, நரம்பு மண்டலத்தில் ஒரு விளைவு ஏற்படுவது மெய்; ஆனால் அது விடுதலை பெற்ற நரம்பின் கதையன்று, வலியின் செய்தி சிறிது நேரம் மங்குவதே.

அந்தப் பயன் எவ்வளவு? அமெரிக்காவில் கழுத்து வலியுள்ள 272 பேரை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2012-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு முதுகெலும்புச் சீரமைப்பு, ஒரு பிரிவினருக்கு மருந்து, மற்றொரு பிரிவினருக்கு வீட்டிலேயே செய்யும் எளிய உடற்பயிற்சி. பன்னிரண்டு வாரங்களில் கைச் சிகிச்சை மருந்தைவிட மேலாக இருந்தது. ஆனால் உடற்பயிற்சியைவிட மேலாக இல்லை. நாட்பட்ட கழுத்து வலியுள்ள 191 பேரிடம் நடத்திய 2001-ஆம் ஆண்டு ஆய்விலோ, பயிற்சி செய்தவர்களே கைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அதிகப் பயன் கண்டனர்.

எலும்புக்குள் ஓடும் குழாய்

பயன் சமம் என்றால் தீங்கை எடைபோட வேண்டும் அல்லவா? கழுத்தின் இரு பக்கங்களிலும், மேல் ஆறு முள்ளெலும்புகளின் துளைகள் வழியே இரு தமனிகள் ஏறுகின்றன. முதல் முள்ளெலும்பின் மேல் அவை கூர்மையாக வளைந்து மண்டையோட்டுக்குள் புகுந்து மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் தருகின்றன. கழுத்தை வெடுக்கென்று திருப்பினால் இத்தமனியின் உட்சுவர் கிழியலாம். அங்கே உறையும் இரத்தம் மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம். 2017-இல் தில்லியைச் சேர்ந்த ஒருவருக்குச் சலூனில் கழுத்தைத் திருப்பியபின், உதரவிதானத்தை இயக்கும் நரம்பு பழுதடைந்து மூச்சுவிடுவதே கடினமாயிற்று. கருநாடகத்துப் பல்லாரியில் சலூனில் கழுத்தைத் திருப்பிக்கொண்ட ஓர் இளைஞருக்குக் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த செய்தி 2024-இல் வெளியாயிற்று.

இவை மிக அரிதானவை என்பதையும் சொல்ல வேண்டும். தமனி தானே கிழியத் தொடங்கும்போதும் முதல் அறிகுறி கழுத்து வலிதான். அந்த வலிக்காகவே சிலர் சிகிச்சைக்குச் செல்கின்றனர். கனடாவின் ஒண்டாரியோவில் 818 பக்கவாத நோயாளிகளைப் பற்றி 2008-இல் வெளியான ஆய்வு இவ்வாறே கருதியது. அதனால் எல்லாப் பழியையும் கைச் சிகிச்சையின்மீது சுமத்துவதும் முறையன்று. ஆனால் இதிலிருந்தே ஒன்று புலனாகிறது: வலியின் காரணத்தை அறியுமுன் கழுத்தைத் திருப்புவது ஆபத்து.

இந்தியாவில் அரசு ஏற்றுள்ள ஆயுஷ் முறைகளில் சித்தம் உண்டு, கைரோபிராக்டிக் இல்லை. ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்துத் தகுதியை அறிந்துவிட முடியாது.

நான் சொன்ன விடை

இரண்டு நாள் கழித்து உதவியாளரிடம், "ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போக வேண்டாம், திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றேன். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-ஆம் ஆண்டே டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அத்தகைய துறை நகருக்குள்ளேயே இருக்க, நாம் அங்கே போகத் தயங்குகிறோம்.

படம் எடுத்துப் பார்த்ததில் தட்டு ஒன்று பிதுங்கி எட்டாம் நரம்பை அழுத்துவது தெரிந்தது. அந்தக் கழுத்தைத் திருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருந்தது. அறுவை தேவைப்படவில்லை, மருத்துவர் சொன்ன பயிற்சிகளை நாள்தோறும் செய்தார். மூன்று மாதங்களில் வலி பெரும்பாலும் நீங்கியது. விரலில் உணர்வும் திரும்பியது.

கழுத்து வலியுடன் கை மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, இதுவரை அறியாத கடுமையான வலி திடீரென வந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெறும் தசை வலிதான் என்றால் அரைமணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், தோளையும் கழுத்தையும் மெல்ல அசைக்கும் பயிற்சியும் போதுமானவை.

நானும் சென்ற மாதம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். வழக்கம்போல் கடைக்காரர் தலையைப் பிடித்தார். "கழுத்து வேண்டாம் அண்ணே, தலையை மட்டும் பிடிச்சுவிடுங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். தமனியைப் பற்றிச் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.