அடிக்கணக்கும் படக்கட்டமும்

நேயர்களே, திண்டிவனத்தில் இரயிலேறி விழுப்புரம் செல்வோர் ஏறக்குறைய 37 கிலோமீட்டர் கடக்கின்றனர். இடையே மயிலம், விக்கிரவாண்டி முதலிய நிலையங்கள் உள. மொத்தத் தொலைவு எவ்வளவு, இறங்குமிடம் எது என்னும் இவ்விரு வினாக்களே திரைப்பட வரலாற்றிலும் தொடக்கமுதல் எழுந்தவை.

முன்னாளில் படத்தின் நீளத்தை அடியால் அளந்தனர். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படக்கட்டங்கள். ஊமைப்படக் காலத்தில் சுருளைக் கையால் சுற்றினர். ஆதலின் ஒரே படம் கைவேகத்திற்கேற்ப விரைந்தும் முடியும், நீண்டும் ஓடும். பேசும்படம் வந்தபின் நொடிக்கு 24 கட்டங்கள் என்னும் வேகம் நிலைபெற்றது. நிமிடத்திற்கு 90 அடி என்பதும் உறுதியாயிற்று.

விழுப்புரத்தில் 1928இல் பிறந்த சிவாஜி கணேசனின் முதற்படமாகிய ‘பராசக்தி’ 1952இல் வெளிவந்தது. 188 நிமிடம் ஓடும் அப்படம், கணக்கின்படி 16,920 அடி, 2,70,720 கட்டங்கள். அத்தகைய ஏழு படங்களின் சுருளை இருப்புப்பாதையோரம் விரித்தால், திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்தை நெருங்கிவிடும்! நீதிமன்றத்தில் குணசேகரன் நிற்கும் ஒரு கட்டம் மட்டும் வேண்டுமாயின், பிலிமின் ஓரத்தில் அடிக்கொன்றாகப் பதிந்த எண்ணைப் பார்த்துத் தேடி எடுப்பர்.

இன்றைய கைப்பேசிச் செயலியும் இதையே செய்கிறது. வீடியோக் கோப்பில் பதிந்துள்ள கால அளவைப் படித்து நீளத்தைச் சொல்கிறது. ஆனால், இடத்தைச் சிக்கனப்படுத்தும்பொருட்டுச் சில கட்டங்களே முழுமையாகச் சேமிக்கப்படுகின்றன. ஏனையவற்றில் மாறுதல்கள் மட்டுமே பதிவாகின்றன. முழுக்கட்டங்கள் இரயில் நிலையங்களை ஒத்தவை. விரைவாகக் கேட்டால் அருகிலுள்ள நிலையமே கிடைக்கும். இடைப்பட்ட கட்டமே வேண்டுமெனில், செயலி முந்திய நிலையத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கணித்து வரவேண்டும். அதற்கு நேரம் கூடுதலாகும்.

எனினும், எவ்வளவு நேரம் கொடுத்தாலும் எடுக்கவியலாத கட்டங்களும் உண்டு. நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் சென்னையில் எடுத்த ‘கீசகவதம்’ தென்னாட்டின் முதல் கதைப்படம். அதன் நீளம் சுமார் 6,000 அடி என்பர். அஃதாவது 96,000 கட்டங்கள். ஆனால் பிரதி ஒன்றேனும் எஞ்சவில்லை. 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்திற்கும் அதே கதிதான். அக்காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றுவது. நாளடைவில் தானே சிதைவதும்கூட.

நீளம் ஏட்டில் நிற்கிறது. பார்ப்பதற்குப் படம் இல்லை. ஆதலின் நேயர்களே, இல்லத்துத் திருமண வீடியோவிலிருந்து அழகிய கட்டமொன்றை எடுத்துக்கொண்டபின், இடம் போதவில்லையென்று மூலத்தை அழித்துவிடாதீர்கள். பாட்டியார் சிரிக்கும் கட்டத்தை நாளை ஒரு பேரப்பிள்ளை தேடக்கூடும்.