பெரட்டும் கம்பி வேலியும்

இன்று பெரிய கட்டடங்களிலும் தொழிற்சாலைகளிலும் வாசலில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தியிருக்கிறார்கள். ஊழியர் தம் கார்டை அதில் காட்டினால்தான் கதவு திறக்கும். உள்ளே போகும்போது ஒரு பதிவு, வெளியே வரும்போது மற்றொரு பதிவு. இரண்டும் ஒன்றோடொன்று இணை சேரவேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர். கார்டைக் காட்டாமல் இன்னொருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டவருக்கு, திரும்பும்போது கதவு திறப்பதில்லை. 'நீ உள்ளேயே வரவில்லையே!' என்கிறது இயந்திரம். தீப்பிடித்தால் உள்ளே எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்பதை அறிய இந்தக் கணக்கு வேண்டும்.

இது புதுமை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் செகிஞ்சானின் வயல்வெளியைத் தாண்டி, கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களுக்கு இந்த இரட்டைக் கணக்கு நெடுங்காலம் பழகிய ஒன்று.

பொழுது விடியுமுன் பெரட்டு. லயத்திலிருந்து ஆண்களும் பெண்களும் வந்து வரிசையாக நிற்பார்கள். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். பக்கத்தில் மண்டோர் நிற்பார். பிந்தி வந்தவருக்கு அன்று பெயர் இல்லை. பெயர் இல்லையேல் கூலியும் இல்லை. இது போன கணக்கு. வந்த கணக்கு நண்பகலில், பால் கொட்டகையில் முடியும். வாளியைச் சுமந்துவந்து பாலை நிறுத்த பிறகே அந்த நாள் முழுமையாகும். காலையில் பெயர், பகலில் பால். கார்டுக் கதவைச் செய்தவர்கள் இதைக் கண்டிருந்தால் வியந்திருப்பார்கள்.

மேலை நாட்டில் இதற்கு இயந்திரம் வந்தது 1888-இல். அமெரிக்காவின் ஆபர்ன் நகரில் நகைக்கடை வைத்திருந்த வில்லார்ட் பண்டி, ஆளுக்கொரு எண்ணிட்ட சாவியைக் கொடுத்து, அதைச் செருகினால் நேரத்தை அச்சிடும் கடிகாரத்தைச் செய்தார். நம் தோட்டங்களில் கிராணியின் பென்சிலே அந்தக் கடிகாரம்!

ஆனால் வாசல் ஆளை எண்ணுவதோடு நிற்பதில்லை. யார் வரலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. தோட்டத்துச் சாலை தோட்டத்துக்குச் சொந்தம். துரையின் தயவின்றி வெளியார் நுழைய முடியாது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? உறவினரும் நண்பரும் தடையின்றி வந்துபோக வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பவையும் கோரிக்கைகளாக இருந்தன. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

அதன் பின் கணக்கின் மறுபக்கம் அறுந்துபோயிற்று. ஜப்பானியர் காலத்தில் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 78,000 பேர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போருக்குப் பின் வெளியான கணக்கில் 29,000-க்கு மேற்பட்டோர் இறந்தவர்கள் என்றும், 24,000-க்கு மேற்பட்டோர் ஓடிப்போனவர்கள் என்றும் எழுதினார்கள். காட்டுக்குள் ஓடியவர் எங்கே ஓடியிருப்பார்? காய்ச்சலிலும் பசியிலும் மடிந்தவர் பலர் அந்த 'ஓடிப்போனவர்' பத்தியில்தான் அடங்கியிருக்கவேண்டும் என்பது நம் கருத்து. போனதற்குப் பதிவு உண்டு, வந்ததற்கு இல்லை.

பின்னர் 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் புகைப்படமும் கைநாட்டும் கொண்ட அடையாளக் கார்டை வைத்திருக்க வேண்டுமென்று அரசு உத்தரவிட்டது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது காட்டோரச் சீனர்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். சிதறிக் கிடந்த தோட்ட லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்கம்பி வேலி போடப்பட்டது. இரவில் ஊரடங்கு, விடிந்த பின்தான் வாசல் திறக்கும். இதில் ஒரு சங்கடம் இருந்தது. பால் நன்றாக வடிவது விடியற்காலைக் குளிரில். வாசல் பிந்தித் திறந்தால் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும்.

வாசலில் தேடியது பெரும்பாலும் அரிசியைத்தான். காட்டிலிருப்போருக்கு ஒரு பிடி சோறும் போகக்கூடாது என்பதால், பகல் சாப்பாட்டைக்கூட வேலைக்காட்டுக்கு எடுத்துச் செல்லத் தடை விதித்தார்கள். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், சைக்கிளையும் விடவில்லை. பசித்த வயிற்றோடு மரம் வெட்டித் திரும்பிய பிறகே சோறு. சிலாங்கூரின் செமினி புதுக்கிராமத்தில் பெண்களைச் சோதித்த விதம் பெருங்கூச்சலை எழுப்பி, 1956-இல் விசாரணை அறிக்கையே வெளிவந்தது. உடலைத் தடவிப் பார்க்கும் வாசலுக்கும் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றைய பெண்களிடம் கேட்டிருந்தால் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள்.

1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது. வேலி போயிற்று, கார்டு போகவில்லை. சுதந்திர மலாயாவில் அதற்கு நிறமும் வந்தது. குடிமக்களுக்கு நீலம், குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. தோட்டத்திலேயே பிறந்து, பெரட்டில் நாள் தவறாமல் பெயர் கொடுத்தும், பிறப்புப் பத்திரம் இல்லாமையாலோ விண்ணப்பம் போடாமையாலோ பலர் சிவப்புக் கார்டோடு நின்றுவிட்டனர். முப்பது ஆண்டு செக்ரோலில் இருந்த பெயர் குடியுரிமைக்குப் போதவில்லை. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதி பெறவேண்டியதாயிற்று. அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 60,000 இந்தியர் நாடு திரும்பினர். 'ரஜுலா' போன்ற கப்பல்களில் ஏறியவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் போய் இறங்கினார்கள். இந்த முறை வெளியே போன பக்கத்தில் அவர்கள் பெயர் ஒழுங்காகப் பதிவாயிற்று.