மூளை மின்னலைப் பதிவு: அறிதுயிலும் தவமும்

மண்டைத் தோலில் பசை தடவி ஒட்டிய மின்வாய்கள் வழியே மூளையின் மின்னழுத்த ஏற்ற இறக்கங்களை அலைக்கோடுகளாகப் பதியும் முறை இ.இ.ஜி. வலிப்பு நோயைக் கண்டறிய அன்றாடம் பயன்படும் இச்சோதனையின் சொற்கள் கொங்கு நாட்டில் தவக்கூடங்களிலும் புழங்குகின்றன. பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறில் 1984-இல் அறிவுத் திருக்கோயிலை நிறுவிய வேதாத்திரி மகரிஷி, மன அலைச்சுழலை விநாடிக்கு 14–40 பீட்டா, 8–13 ஆல்ஃபா, 4–7 தீட்டா, 1–3 டெல்டா என்று வகுத்து, மனவளக்கலை என்ற தம் பயிற்சியில் கற்பித்தார்.

ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் அலைகளை முதன்முதலாகப் பதிந்து, 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்ந்திருக்கையில் ஆல்ஃபா எழும். கண்ணைத் திறந்தால் அடங்கும். தவம் அறியாதவருக்கும் இது இயல்பு. ஆகவே, ஆல்ஃபா தெரிவதாலேயே ஒருவர் தவத்தில் ஆழ்ந்துவிட்டார் என்று கொள்ள முடியாது.

அறிதுயில் (ஹிப்னாசிஸ்) ஆய்வில் லூமிஸ், ஹார்வி, ஹோபர்ட் மூவரும் 1936-இல் வெளியிட்ட சோதனை இன்றும் வியப்பளிக்கிறது. அறிதுயிலில் இருந்தவரின் கண்கள் திறந்தே இருந்தன. "உனக்குப் பார்வை இல்லை" என்றதும் ஆல்ஃபா எழுந்தது. "பார்வை வந்துவிட்டது" என்றதும் மறைந்தது. ஆனால் தூக்கத்துக்குரிய அலைகள் தென்படவில்லை. அறிதுயில் தூக்கமன்று என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் அறிதுயிலுக்கே உரிய தனி அலை எதுவும் இன்றுவரை உறுதிப்படவில்லை. தீட்டா மிகுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன.

தவத்தில் இருப்போரின் அலைகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர் தமிழகத்தில் பணியாற்றியவர். தமிழகத்தில் நரம்பியல் வேரூன்றியது வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னையிலும். 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கிய நால்வர் ஜேக்கப் சாண்டி, பி. ராமமூர்த்தி, இ.இ.ஜி. வல்லுநர் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங். வேலூரில் பணியாற்றிய பல்தேவ் சிங், பின்னர் டெல்லி எய்ம்ஸில் பி.கே. ஆனந்த், ஜி.எஸ். சின்னா ஆகியோருடன் யோகியரை ஆராய்ந்தார். 1961-இல் முடிவுகள் வெளியாயின. கூசும் ஒளி, உரத்த ஓசை, சூடான கண்ணாடிக் குழாயின் தொடுகை எதுவும் சமாதியில் இருந்த யோகியரின் ஆல்ஃபாவைக் கலைக்கவில்லை. தியானம் செய்யாத வேளையில் அவையே கலைத்தன. வேறு இரு யோகியர் 4 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 45 முதல் 55 நிமிடம் கையை வைத்திருந்தபோதும் ஆல்ஃபா நீடித்தது.

கோவை வெள்ளியங்கிரி அடிவாரத்து ஈஷா யோக மையத்தின் சூன்ய தியானமும் ஆய்வுக்கு வந்தது. கிளேர் பிராபோஷ், அர்னோ டெலோர்ம் உள்ளிட்டோர் ரிஷிகேஷில் பதிவெடுத்து 2017-இல் வெளியிட்டனர். விபாசனா, இமாலய யோகம், ஈஷா ஆகிய மூன்று குழுவினரிடமும் 60–110 ஹெர்ட்ஸ் காமா அலை, பயிலாதோரைவிட மிகுந்திருந்தது. ஈஷா குழுவில் 7–11 ஹெர்ட்ஸ் ஆல்ஃபாவும் கூடியிருந்தது. குழுவுக்கு 16 பேர்தான்; அதுவும் ஒரே காலகட்டத்தில் செய்த ஒப்பீடு. பயிற்சி மூளையை மாற்றியதா, அத்தகைய மூளை உடையோரே பயிற்சியில் நிலைத்தார்களா என்பதை இதைக்கொண்டு முடிவு செய்ய இயலாது. புதிதாகச் சேர்வோரிடம் தொடக்கத்திலேயே பதிவெடுத்து, ஆண்டுகள் கழித்து அவர்களிடமே மீண்டும் எடுக்க வேண்டும். ஆழியாறும் வெள்ளியங்கிரியும் அதற்கு ஏற்ற இடங்கள்.