உப்புக்கண்டத்தில் எந்தக் கண்டம்?

ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு சாலையில் மேற்கே போனால், மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில். அதையொட்டி ஓடும் ஆற்றுக்கும் அய்யனார் கோவில் ஆறு என்றே பெயர். அந்த அடிவாரத்துத் தோப்பிலும் மக்காச்சோளக் காட்டிலும் ராத்திரிக் காவல் கிடப்பவர்களுக்கு யானையை விட்டால் அடுத்த கவலை பன்னிதான்.

எழுத்தில் பன்றி, பேச்சில் பன்னி. மலையாளத்திலும் பன்னியே. குடகில் பந்தி, துளுவில் பஞ்சி, கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ஹந்தி. ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கில் பந்தி. அவர்கள் வளர்த்துப் பேர் வாங்கிய வெள்ளை நாய், 2005-இல் தபால்தலையில் ஏறிய ராஜபாளையம் நாய், பழைய நாளில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கப்பட்டது. வடகிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ வராக க்ஷேத்திரம் என்று பெயர். வடமொழிப் பெயர் இருக்கும் ஊரிலேயே பிறந்த ஆண்டாள், பூமிப்பெண்ணை மீட்க அழுக்குடம்போடு வந்த திருமாலை நாச்சியார் திருமொழியில் பன்றி என்றே சொல்கிறாள். கேழல், ஏனம் என்ற பெயர்களெல்லாம் செய்யுளோடு நின்றுவிட்டன. பன்றி மட்டும் கோவிலிலும் கொல்லையிலும் வசவிலும் ஒருசேரப் பிழைத்திருக்கிறது.

இவ்வளவு புழக்கமுள்ள விலங்கு. ஆனால் அதன் கறியை உப்பிட்டுச் சேமித்தால் அதற்கென்று தமிழில் தனிப்பெயர் இல்லை. ஆட்டுக்கறியானாலும் மான்கறியானாலும் பன்றிக்கறியானாலும் உப்புக்கண்டம்தான். அந்தப் பெயர் உப்பிட்டதைச் சொல்கிறது, வெட்டியதைச் சொல்கிறது, விலங்கை மட்டும் சொல்லவில்லை.

இந்தக் கண்டம் எந்தக் கண்டம் என்று முதலில் பார்க்க வேண்டும். நீலகண்டனின் கண்டம் தொண்டை. ஜோசியர் ‘தண்ணியில கண்டம்’ என்று பயமுறுத்துவது உயிராபத்து. துணைக்கண்டத்தின் கண்டம் நிலப்பிரிவு. வடமொழியில் வெவ்வேறு ஒலியுடைய சொற்கள் தமிழ் எழுத்துக்குள் வந்ததும் ஒரே உடுப்பை மாட்டிக்கொண்டன. கறியில் இருப்பது நிலப்பிரிவின் கண்டம். ‘கண்டதுண்டமாக வெட்டினார்கள்’ என்று செய்தித்தாள்கள் எழுதுகிற அதே கண்டம், அதாவது துண்டு. வடமொழியில் இச்சொல் சர்க்கரைக் கட்டியையும் குறித்தது. பாரசீகம், அரபி வழியாக மேற்கே போய் ஆங்கிலத்தில் கேண்டி ஆயிற்று. நம் கற்கண்டும் அந்தக் குடும்பம்தான் என்பார்கள். மூலமே திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. எப்படியானாலும் மொட்டைமாடியில் காயும் கறிக்கும் குழந்தை கையில் இருக்கும் மிட்டாய்க்கும் உறவு உண்டு.

கண்டம் வந்து சேருமுன் இந்த இடத்தில் எந்தச் சொல் இருந்தது? பெரும்பாணாற்றுப்படை இதற்கு நல்ல சாட்சி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அதில் கள் சமைக்கும் வீடு ஒன்று வருகிறது. பெண்கள் கலம் கழுவி ஊற்றிய நீர் தேங்கிச் சேறாகிறது. மயிரடர்ந்த பெண்பன்றிகளும் கரிய குட்டிகளும் அதில் புரள்கின்றன. ஆண்பன்றி ஒன்றை மட்டும் அவற்றோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைத் தின்னக் கொடுத்துப் பல நாள் கொழுக்க வைக்கிறார்கள். அந்தக் கொழுத்த கறிதான் கள்ளோடு விருந்தாளிக்கு. இன்று வெண்பன்றிப் பண்ணைக்காரர் சொல்லும் யோசனையும் இதுதானே: ஓடவிடாதே, தீனி போடு, இனச்சேர்க்கைக்கு விடாதே. கொட்டகையில் வளரும் சீமை இனத்துக்கு ‘வெண்’ என்று ஓர் அடைமொழி போட்டுத் தெருவில் திரியும் கறுப்பிடமிருந்து பிரித்ததும் ஒரு பெயர்த் தந்திரம்தான். பன்றி என்றால் முகம் சுளிப்பவர், வெண்பன்றி என்றால் வங்கிக் கடனைப் பற்றி விசாரிக்கிறார்.

அந்தப் பாட்டில் அக்கறிக்குச் சொல் தடி. தடிதல் என்றால் வெட்டுதல். வெட்டியெடுத்த ஊன் தடி. கண்டம் செய்யும் வேலையைத் தடி முன்பே செய்துகொண்டிருந்தது. அதே பாட்டில் வேறோர் இடத்தில் உலர்ந்த இறைச்சியும் உண்டு. ஆனால் அது கள் சமைப்பவர் வீட்டில் இல்லை, பாலை நிலத்து எயினர் குடியில். பெயர் வாடூன்: வாடிய ஊன். கருவாட்டில் இருக்கும் வாடு இதில் இருப்பதுதான். வேட்டையில் ஒரே நாளில் நிறையக் கிடைக்கும், மறுநாள் ஒன்றும் கிடைக்காமல் போகும். ஆகவே வாட்டி வைக்க வேண்டியது வேட்டைக்காரனுக்குத்தான். குழியில் பன்றி வைத்திருப்பவனுக்கு அந்த அவசரம் இல்லை. விருந்து வருகிற வரைக்கும் அது உயிரோடு குழியில் நின்றுகொண்டிருக்கும்.

ஐரோப்பாவில் கதை நேர்மாறு. பனிக்காலம் முழுதும் பன்றிக்குத் தீனி போட முடியாது என்பதால் குளிர் தொடங்கும்போது வீட்டுப் பன்றியை அடித்து, வருஷத்துக்கான கறியை உப்பில் இறக்கிவிடுவார்கள். வெளியே இருக்கும் குளிரே காவல். எலும்போடு 10, 12 கிலோ வரும் தொடையின் ஆழத்துக்கு உப்பு மெதுவாக ஊடுருவிப் போகும்வரை அழுகல் வராமல் அந்தக் குளிர் பிடித்துக்கொள்ளும். ஆகவே தொடையை வெட்ட வேண்டியதில்லை. இத்தாலியின் பார்மாவில் அப்படி உப்பேறிய தொடை ஓராண்டுக்கு மேல் தொங்கி உலர்ந்த பிறகுதான் முத்திரை பெறுகிறது.

முழுதாக நின்ற அந்த உறுப்பே பெயரும் ஆயிற்று. ஆங்கிலத்தில் ஹாம் என்பதற்கு முதற்பொருள் முழங்காலின் பின்குழி. கிரிக்கெட் வீரர்கள் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறும்போது வர்ணனையாளர் சொல்லும் ஹாம்ஸ்ட்ரிங்கில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. பின்குழியிலிருந்து தொடைக்கு ஏறி, பிறகு உப்பிட்ட பன்றித்தொடைக்கு வந்து நின்றது அச்சொல். பிரெஞ்சின் ஜாம்போனும் ஸ்பானிய ஹமோனும் காலைக் குறிக்கும் சொல்லில் பிறந்தவை. இத்தாலியன் மட்டும் நம் பக்கம்: புரோஷூட்டோ என்றால் ஈரம் வற்றியது, கிட்டத்தட்ட வாடூன்.

ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில் முழுத்தொடையைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? மேலே தோல் காய்ந்து விறைக்கும். உள்ளே எலும்பருகே உப்பு போய்ச் சேருமுன் நாற்றம் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே உப்பு ஜெயிக்க வேண்டுமானால் அது கடக்க வேண்டிய தூரத்தைக் குறைத்தாக வேண்டும். விரல் கனத்துக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. அந்த வெட்டுதான் கண்டம். நம் ஊர் வெயில் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

செய்முறையைப் பார்த்தால் இது விளங்கும். எலும்பும் ஜவ்வும் நீக்கிய கறியை ஒரு பக்கமிருந்து வெட்டி, முழுதும் அறுபடுமுன் திருப்பி, மறுபக்கமிருந்து வெட்டினால் நாடா மாதிரி நீளும். கல்லுப்பும் மஞ்சளும் பிசறி, சில வீடுகளில் மிளகாய்த்தூளும் சேர்த்து, ஓரிரவு ஊறவைத்தால் அடியில் சிவந்த தண்ணீர் நிற்கும். அதை வடித்துவிட்டு, கோணி ஊசியில் சணல் கோத்துச் சரமாக்கி மாடியில் கட்டுவார்கள். கொடியில் தொங்குவதால் கொடிக்கறி என்பாரும் உண்டு. சாயங்காலம் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். காக்கைக்குப் பயந்து வலை போட வேண்டும். மூன்றாம் நாள் கறுத்துச் சுருங்கும். இன்னும் சில நாளில் ஒடித்தால் சுள்ளிபோல் சத்தம் கேட்கும். சமைக்கும் நாளில் அம்மியில் வைத்துத் தட்டி நார் பிரித்து எண்ணெயில் போட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். உப்புக்கண்டம் பறிகொடுத்த பாப்பாத்தி என்று ஒரு பழமொழி இருப்பதும் அதனால்தான் போலும்: போனதைச் சொல்லி அழவும் முடியாத தவிப்பு.

பன்றிக்கு இதில் ஒரு சிக்கல். அதன் ருசியே கொழுப்பில் இருக்கிறது; வெயிலில் முதலில் கெடுவதும் அந்தக் கொழுப்புதான். சிக்கு வாடை அடித்துக் காறல் ஏறிவிடும். குளிர்நாட்டில் கொழுப்புத் திரையே தொடையைக் காக்கும். இங்கே அதைச் சீவி எறிந்துவிட்டு, தொடையின் சிவந்த சதையை மட்டும் கண்டம் போட வேண்டும். கொழுப்பைப் பிரித்து உருக்கி நெய்யாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பன்றிக் கண்டத்தை, இத்தாலியன் தொடையைச் சீவித் தின்பதுபோலப் பச்சையாகத் தின்னவும் கூடாது. நாடாப்புழு இருக்கிறது, உப்பும் வெயிலும் அதைக் கொன்றிருக்கும் என்று நம்ப முடியாது, அடுப்பைத்தான் நம்ப வேண்டும். காட்டுப்பன்றிக் கண்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1988 முதல் அய்யனார் கோவிலுக்கு மேலே உள்ள அந்த மலை சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். அங்கே பன்றியைத் தொட்டவன் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பல ஹாம்களுக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகிற சங்கதி, ராஜபாளையமும் சிவகாசியும் இருக்கும் இந்த மாவட்டத்துக்கு மிகவும் பழக்கமானது: வெடியுப்பு. ஐரோப்பியர் சாதா உப்போடு அதைச் சிட்டிகையளவு சேர்த்தார்கள். கறியில் உள்ள பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்ற, நிறம் நின்றது. பொட்டுலிசம் என்கிற கொடிய நோயும் தடைபட்டது. பொட்டுலஸ் என்றால் லத்தீனில் தொத்திறைச்சி. கெட்ட தொத்திறைச்சியால் வந்த நோய் என்பதால் அந்தப் பெயர். வெடியுப்பு சிவகாசிப் பட்டறைகளில் கரியோடும் கந்தகத்தோடும் சேர்ந்து கருமருந்தாகிறது. அதைச் சமையலறைக்குக் கொண்டுபோகும் யோசனை யாருக்கும் வேண்டாம். மிகச்சிறு அளவு தப்பினாலும் ஆபத்து. நம் கண்டத்தில் வெடியுப்பு படுவதில்லை.

மேற்கே மலையைத் தாண்டினால் கண்டம் என்ற பெயர் தொடரவில்லை. கேரளத்தில் உணக்கிறைச்சி. நெய்தல் பெண்கள் மீனை உலர்த்திப் பறவையிடமிருந்து காத்ததைச் சொல்லும்போது நற்றிணை கையாளும் உணங்கல்தான் அதன் வேர். நாம் வெட்டைப் பிடித்துக்கொண்டோம், அவர்கள் வெயிலைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது நம் ஊர்ப் பல்பொருள் அங்காடியின் குளிர்பெட்டியிலும் ஹாம் கிடைக்கிறது. வட்டமாக, ஒரே அளவில், தாள்போல அடுக்கியிருக்கும். எந்தப் பன்றிக்கும் தொடை அந்த வடிவத்தில் இல்லை. மலிவான பொட்டலங்களில் பெரும்பாலும் கறித்துண்டுகளை உப்புநீரில் புரட்டி, அச்சில் அழுத்தி ஒட்டவைத்து, வேகவைத்துச் சீவுகிறார்கள். பெயர் தொடை, உள்ளே இருப்பது கண்டம்.